கனிச்சாரமும் மதுசாரமும்

ஆசியப் பெருநிலம் தெற்கே முடிவடைகின்ற தஞ்சோங் பியாய் முனையிலிருந்து வடக்கே சிகாமட் வரையிலும், மேற்கே மூவாரிலிருந்து கிழக்கே மெர்சிங் வரையிலும் பரந்து கிடக்கும் ஜொகூர் மாநிலத்தில், கோடையென்றும் குளிர்காலமென்றும் பருவங்கள் பிரிந்து நில்லாமல் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்ற காரணத்தால், வீட்டுக் கொல்லையில் ஊன்றிய செடி எதுவாயினும் பூத்துக் காய்ப்பதற்கு நெடுங்காலம் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கனியைப் பழுக்கவைக்கும் அதே உஷ்ணமும் ஈரமும்தான் அதை அழுகவும் வைக்கின்றன. காலையில் பறித்த முசுக்கட்டைப் பழம் மாலைக்குள் நீர்விட்டுக் குழைகிறது. மறுநாள் அதன்மேல் பூஞ்சணம் படர்கிறது. விளைவு மிகுதியாகவும் ஆயுள் குறைவாகவும் அமைந்த இந்த மண்ணில், கனியைக் காப்பது எப்படி என்ற கேள்வி இல்லறத்தார் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வியாகிறது.

உலர்த்துதல், உப்பிலோ புளிப்பிலோ ஊறவைத்தல், சர்க்கரைப் பாகில் இடுதல் என்னும் மூன்று உபாயங்களும் மனித சமூகம் நெடுங்காலமாக அறிந்தவை. இவற்றோடு நான்காவதாக, வடித்தெடுத்த மதுசாரத்தில் கனியை ஊறவைத்து, அதன் வர்ணத்தையும் வாசனையையும் ருசியையும் அந்தத் திரவத்துக்கு மாற்றிக்கொள்ளும் முறை ஒன்றுண்டு. இங்கே நொதித்தல் நிகழ்வதில்லை, வடித்தலும் நிகழ்வதில்லை. சர்க்கரை மதுசாரமாக மாறுவது கள்ளின் கதை. முன்பே உண்டான மதுசாரம் ஒரு கரைப்பானாக நின்று கனியின் உள்ளிருப்பை வெளியே கொணர்வது இந்த அத்தியாயத்தின் கதை. இதில் கைத்திறனைக் காட்டிலும் கணக்கே பெரிது என்பதையும், அந்தக் கணக்கு சாதாரணக் கூட்டலும் வகுத்தலும் அறிந்த எவர்க்கும் எட்டக்கூடியது என்பதையும் காட்டுவதே என் நோக்கம்.

கொல்லைக் கனிகள்

ஜொகூர் வீடுகளின் கொல்லைப்புறத்தில் இதற்கு ஏற்ற கனிகள் பல உண்டு. கிளைகளை ஒடித்து இலைகளை உருவிவிட்டால் புதுத் தளிரோடு காயும் பிடிக்கின்ற முசுக்கட்டை. வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்து, பறவைகள் விதைத்தே சாக்கடை ஓரங்களிலும் கார் நிறுத்துமிடங்களிலும் தானாக முளைத்து நிற்பதும், தமிழ்நாட்டில் தேன்பழம் என்றும் இங்கே செரிப்பழம் என்றும் சொல்லப்படுவதுமாகிய சிறு சிவப்புக் கனி. தீபகற்பத்தின் கிழக்குக் கரை மணற்பரப்புகளில் ஊதாப் பூக்களோடு புதராக வளரும் கெமுந்திங். செந்நிறப் புல்லி இதழ்களுக்காக வளர்க்கப்படும் ரோசெல். சமையற்கட்டுக்கு அருகே தொட்டியிலாவது இருந்தே தீரும் லீமாவ் கஸ்தூரி என்னும் சிற்றெலுமிச்சை ஆகியவை அவற்றுள் சில. கெமுந்திங் நமக்கு அந்நியமன்று. நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் தவிட்டுப் பழமென விற்கப்படுவது இதே இனம்தான். வியட்நாம் நாட்டின் பூ குவோக் தீவினர் இக்கனியிலிருந்து செய்யும் மது அத்தீவின் அடையாளப் பொருள்களுள் ஒன்றாகவே விளங்குகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஜொகூருக்கே உரிய கனி அன்னாசி. பொந்தியான் வட்டாரத்துப் பெக்கான் நானாஸ் தன் பெயரிலேயே அன்னாசியைத் தாங்கி நிற்கும் ஊர். பிற பயிர்கள் வருந்தி வளரும் அமிலம் மிக்க கரிச்சதுப்பு நிலத்தில் அன்னாசி செழிப்பதே அவ்வூரின் பாக்கியம். 1957இல் நிறுவப்பட்ட மலேசிய அன்னாசித் தொழில் வாரியத்தின் தலைமையகம் ஜொகூர் பாருவில் அமைந்ததும், ‘ஜொகூர்’, ‘சரவாக்’ என்னும் இரு வகைகளைக் கலந்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1996இல் வெளியிட்ட புது வகைக்கு ‘ஜோசபின்’ என்று பெயர் அமைந்ததும் இந்த உறவின் காரணமாகவே.

தாவர சாஸ்திரத்தின்படி, ஒரு பூவின் சூலகம் முழுவதும் சதையாகி விதைகளைத் தன்னுள் பொதிந்துகொள்வதே சதைக்கனி. தேன்பழமும் கெமுந்திங்கும் அந்த இலக்கணத்துக்குப் பொருந்துபவை. சிற்றெலுமிச்சை அவ்வினத்தின் ஒரு கிளை. முசுக்கட்டையோ பல பூக்கள் ஒன்று சேர்ந்து பருத்த கூட்டுக்கனி. அன்னாசியும் அவ்வகையினதே, அதன் புறத்தே காணும் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம், ஒவ்வொரு பூவும் ஒரு சிறு சதைக்கனியாகி அண்டைக் கனிகளோடும் நடுத்தண்டோடும் இணைந்துவிட்டது. ரோசெல் கனியே அன்று. கனியைச் சூழ்ந்து தடித்த புல்லி வட்டம். இந்த அமைப்பு வேற்றுமைகள் ஊறல் காலத்தையும் சுவையையும் நிர்ணயிப்பவை என்பதால் இவற்றை முதலிலேயே மனத்தில் கொள்வது நலம்.

இருவகை உறவுடைய மூலக்கூறு

எத்தில் ஆல்கஹால் என்னும் மதுசாரத்தின் மூலக்கூறு சிறியது. இரண்டு கார்பன் அணுக்களும் ஐந்து ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த ஒரு பகுதி எண்ணெய்ப் பொருள்களோடு உறவாடும் சுபாவம் கொண்டது. அதன் முனையில் ஒட்டியுள்ள ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் நீரோடு உறவாடும் சுபாவம் கொண்டவை. இந்த இரட்டைச் சுபாவத்தால், நீரில் எளிதில் கரைகின்ற சர்க்கரை, அமிலம், சிவப்பு ஊதா வர்ணங்கள் ஆகியவற்றுக்கும், நீரில் கரையாத நறுமண எண்ணெய்கள், மெழுகுகள் ஆகியவற்றுக்கும் இடையே நின்று, நீரும் மதுசாரமும் கலந்த திரவம் இரு சாராரையும் ஏற்றுக்கொள்கிறது. நீரின் பங்கு மிகும்போது வர்ணமும் புளிப்பும் மிகுதியாக இறங்குகின்றன. மதுசாரத்தின் பங்கு மிகும்போது எண்ணெயும் மெழுகும், இலைக்காம்பு கலந்திருந்தால் பச்சையமும் கசப்பும் மிகுதியாக இறங்குகின்றன. ஆகவே வலிமை கூடக்கூட ஊறல் சிறக்கும் என்று எண்ணுவது பிழை. கனியின் சுவைக்கு, நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை மதுசாரம் உள்ள திரவமே பெரும்பாலும் இசைவாக இருக்கிறது.

இவ்விரு திரவங்களும் எவ்வளவு நெருங்கிக் கலக்கின்றன என்பதற்கு ஒரு பிரமாணம் உண்டு. அரை லிட்டர் நீரோடு அரை லிட்டர் தூய மதுசாரத்தைச் சேர்த்தால் ஒரு லிட்டர் கிடைப்பதில்லை. ஏறத்தாழ 965 மில்லி லிட்டர்தான் கிடைக்கிறது. ஒன்றின் மூலக்கூறுகள் மற்றொன்றின் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் நெருங்கி அமர்வதே இச்சுருக்கத்தின் காரணம். தனிமங்களின் அட்டவணையால் உலகப் புகழ் பெற்ற ரஷ்ய விஞ்ஞானி மெந்தலீவ் 1865இல் தம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் மதுசாரமும் நீரும் சேரும் இந்தச் சேர்க்கையே.

மதுசாரத்தின் இந்தக் கரைக்கும் ஆற்றலை நம் முன்னோர் மருத்துவத்தின் வழியாக அறிந்திருந்தனர். ஆயுர்வேதத்தில் ஆசவம், அரிஷ்டம் என்னும் இரு பிரிவுகள் உண்டு. மூலிகையைக் காய்ச்சிக் கஷாயமாக்கி, அதோடு வெல்லமும் தாதகிப் பூவும் சேர்த்து நொதிக்க விடுவது அரிஷ்டம். காய்ச்சாமலே ஊறவைத்து நொதிக்க விடுவது ஆசவம். தசமூலாரிஷ்டமும் திராட்சாசவமும் இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பவை. அங்கே மதுசாரம் நொதித்தலில் சிறிது சிறிதாகத் தானே உண்டாகி, உண்டாகும் கணத்திலேயே மூலிகையின் சாரத்தைக் கரைத்துக்கொண்டு, பின்னர் அந்தச் சாரம் கெடாமல் காக்கவும் செய்கிறது. கனி ஊறலில் அதே இரு பணிகளை வெளியிலிருந்து வந்த மதுசாரம் செய்கிறது.

வலிமையின் கணக்கு

இந்தக் கலையின் உயிர்நாடியான கணக்குக்கு இப்போது வருவோம். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு மதுசாரத்தை வெளியிடுகிறது. ஆனால் தான் வெளியிட்ட பொருளே ஓர் எல்லைக்கு மேல் அதற்கு விஷமாகிறது. திரவத்தில் மதுசாரம் நூற்றுக்கு 15 பங்கைத் தாண்டும்போது பெரும்பாலான ஈஸ்டு வகைகள் தளர்ந்துவிடுகின்றன. 20 பங்கை எட்டிய திரவத்தில் ஈஸ்டும் பூஞ்சணமும் பாக்டீரியாவும் பெருகுவதில்லை. எனவே ஊறல் கெடாமலிருக்க வேண்டுமானால், அதன் இறுதி வலிமை 20 பங்குக்குக் குறையாதிருக்க வேண்டும். இறுதி வலிமை என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் குப்பியின்மேல் அச்சிட்ட எண் சாடியினுள் நிலைத்திருப்பதில்லை. கனியின் எடையில் ஏறத்தாழ 85 சதவிகிதம் நீர். அந்த நீரெல்லாம் நாளடைவில் வெளியே வந்து மதுசாரத்தோடு கலந்து அதன் வலிமையைக் குறைக்கிறது.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். நூற்றுக்கு 40 பங்கு வலிமையுள்ள திரவம் ஒரு லிட்டரில் மதுசாரம் 400 மில்லி லிட்டர். அதில் 500 கிராம் முசுக்கட்டையை இட்டால், கனியிலிருந்து சேரும் நீர் ஏறக்குறைய 425 மில்லி லிட்டர். ஆகத் திரவம் 1,425 மில்லி லிட்டர். வலிமை 28 சதவிகிதம். இதோடு 200 கிராம் சர்க்கரை கரையுமானால் அது 125 மில்லி லிட்டர் அளவு இடம் பிடித்துக்கொள்ளும். வலிமை 26 சதவிகிதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும். இந்தச் சாடி பல மாதங்கள் கெடாமல் நிற்கும். மாறாக, அதே திரவத்தை அரை லிட்டர் மட்டும் எடுத்துக்கொண்டு, கனி மிகுந்தால் சுவையும் மிகும் என்ற ஆசையால் ஒரு கிலோ கனியை அதில் திணித்தால், மதுசாரம் 200 மில்லி லிட்டர், கனிநீர் 850 மில்லி லிட்டர், ஆகத் திரவம் 1,350 மில்லி லிட்டர். வலிமை 15 சதவிகிதத்தையும் எட்டாது. ஜொகூரின் வெக்கையில் அந்தச் சாடி சில நாள்களில் நுரைக்கத் தொடங்கும். இறுக மூடியிருந்தால் உள்ளே வாயு அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கவும் கூடும். நுரைத்த ஊறலைத் திருத்த முயலாமல் கொட்டிவிடுவதே விவேகம்.

இந்தக் கணக்கைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடு ஜப்பான். ஊமே என்னும் புளிப்புக் கனியை மதுசாரத்தில் ஊறவைத்து ஊமேஷு என்ற பானம் செய்வது அந்நாட்டு இல்லங்களின் வழக்கம். கனி ஒரு கிலோ, கற்கண்டு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை, 35 சதவிகித வலிமையுள்ள நிறமற்ற மது 1.8 லிட்டர் என்பது பரவலாக வழங்கும் விகிதம். 1962இல் மதுவரிச் சட்டத்தைத் திருத்தி, சொந்த உபயோகத்துக்காக வீட்டில் இவ்வாறு ஊறவைப்பதை அந்நாட்டு அரசு அனுமதித்தது. பயன்படுத்தும் மது 20 சதவிகித வலிமைக்குக் குறையாதிருக்க வேண்டும், திராட்சையும் அரிசி முதலிய தானியங்களும் சேர்க்கலாகாது என்று அது விதித்த நிபந்தனைகளின் உட்பொருள், சாடியினுள் புதிதாக நொதித்தல் எழக்கூடாது என்பதே.

காலத்தின் கணக்கு

கனியினுள்ளிருந்து சாரம் வெளியேறுவது பரவல் என்னும் நிகழ்ச்சியால். செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாக நகர்கின்றன. அந்நகர்வின் விதியை 1855இல் வகுத்தவர் அடால்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய உடலியல் அறிஞர். இவ்விதியின் ஒரு விளைவு வீட்டார்க்கு மிகவும் பயன்படுவது. பரவவேண்டிய தூரம் பத்து மடங்கானால், ஆகும் காலம் நூறு மடங்காகிறது. சர்க்கரை மூலக்கூறு நீரில் ஒரு மில்லி மீட்டர் தூரம் பரவக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் என்றால், ஒரு சென்டி மீட்டர் பரவ ஒரு நாளுக்கு மேலாகும். கனியின் தோலும் செல் சுவர்களும் இடையே தடையாக நிற்பதால் உண்மையில் இதைக் காட்டிலும் பன்மடங்கு தாமதம் நேர்கிறது. அன்னாசியை மெல்லிய வில்லைகளாக நறுக்குவதும், கெமுந்திங்கைக் கீறி இடுவதும், முசுக்கட்டையை இலேசாக அழுத்திவிடுவதும் இந்தத் தூரத்தையும் தடையையும் குறைப்பதற்காகவே.

இங்கிலாந்தில் காட்டு முட்செடியின் கருநீலக் கனியை ஜின் மதுவில் ஊறவைப்போர், முதற்பனி விழுந்த பின்னரே அதைப் பறிக்க வேண்டும் என்று சொல்வது மரபு. செல்களினுள் நீர் உறைந்து கூரிய பனித்துகள்களாகி, செல் சுவர்களைக் கிழித்துவிடுவதால் சாரம் எளிதில் இறங்குகிறது என்பதே அம்மரபின் விஞ்ஞானம். பனி காணாத ஜொகூரில் அந்தப் பணியைக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டு செய்யும். ஓரிரவு உறையவைத்து எடுத்த கனி, புதுக்கனியைவிட விரைவில் தன் வர்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. கொல்லையில் நாளுக்கு ஒரு கைப்பிடியாகக் கிடைக்கும் பழத்தைச் சேர்த்துவைப்பதற்கும் இதுவே வழி.

சர்க்கரையின் பணியும் இங்கே சொல்லத்தக்கது. கனியைச் சூழ்ந்து சர்க்கரைச் செறிவு மிகுந்தால், சவ்வூடு பரவலால் நீர் வெளியேறிக் கனி சுருங்கிவிடுகிறது. சுருங்கிய கனியினுள் மதுசாரம் எளிதில் புகுவதில்லை. கற்கண்டை இட்டால் அது மெல்ல மெல்லக் கரைகிறது. அதற்குள் மதுசாரம் கனியினுள் சென்று வாசனையைக் கரைத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. பிற்பாடு ஏறுகின்ற இனிப்பு அந்தச் சாரத்தையெல்லாம் வெளியே இழுத்துக்கொள்கிறது.

வர்ணமும் வாசனையும்

ரோசெல்லின் சிவப்பும் முசுக்கட்டையின் கருஞ்சிவப்பும் கெமுந்திங்கின் ஊதாவும் ஆந்தோசயனின் என்னும் ஒரே குலத்தைச் சேர்ந்த வர்ணப் பொருள்களால் ஆனவை. சிவப்பு ரோஜாவும் நீலத் தானியப்பூவும் ஒரே வர்ணப் பொருளையே கொண்டுள்ளன என்று ரஸாயன அறிஞர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர் எடுத்துக்காட்டியபோது ரஸாயன உலகம் வியந்தது. தாவர வர்ணங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1915இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இக்குலத்தின் விசேஷம், சூழலின் அமிலத்தன்மைக்கு ஏற்ப மூலக்கூறின் அமைப்பு மாறி, நிறமும் மாறுவது. புளிப்பு மிகுந்தால் ஒளிரும் சிவப்பு. புளிப்புக் குறையக் குறைய நிறம் வெளிறி, பின்னர் ஊதாவும் நீலமும் தோன்றுகின்றன. புளிப்பு மிக்க ரோசெல் தன் சிவப்பைத் தானே காத்துக்கொள்ள, நன்றாகக் கனிந்து புளிப்பிழந்த முசுக்கட்டையின் ஊறல் மங்கி நிற்பது இதனால்தான். அதில் சிற்றெலுமிச்சைச் சாற்றைச் சிறிது பிழிந்தால் நிறம் அக்கணமே துலங்குவதைக் கண்ணாரக் காணலாம். வெளிச்சமும் சூடும் இவ்வர்ணங்களை அழிப்பவை. ஆகையால் சாடியை ஜன்னலில் அழகுக்காக வைப்பது தகாது. இருண்ட அலமாரியே அதற்கு உரிய இடம்.

வாசனையின் கதை வேறு. அன்னாசியின் மணம் ஒரு பொருளால் ஆனதன்று. கனி அமிலங்களும் ஆல்கஹால்களும் கூடிப் பிறந்த எஸ்டர்கள் பலவும், 1965இல் அன்னாசியில் கண்டறியப்பட்டதும் காய்ச்சிய சர்க்கரையின் நறுமணத்தை ஒத்ததுமான ஃபுரானியோல் என்னும் பொருளும் சேர்ந்து ஆனது. எஸ்டர்கள் எளிதில் ஆவியாகிப் பறப்பவை. சமைத்த அன்னாசி பச்சை அன்னாசியின் மணத்தை இழந்துவிடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஊறலில் சூடே இல்லாமையால் அவை ஏறக்குறைய முழுமையாகத் தங்குகின்றன. சிற்றெலுமிச்சையின் மணமோ தோலின் எண்ணெய்ப் பைகளில் உள்ளது. அந்த எண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன். அது நீரில் கரையாது, வலிய மதுசாரத்தில் கரையும். எண்ணெய் மிகுதியாகக் கரைந்த தெளிந்த ஊறலில் குளிர்ந்த நீரை ஊற்றினால், கரைப்பானின் வலிமை சட்டென்று தாழ, எண்ணெய் கோடானுகோடி நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடித்து, திரவம் பால்போல வெளுக்கிறது. கரைதிறன் என்னும் கருத்தை இதைக் காட்டிலும் தெளிவாக விளக்கும் பரிசோதனை வீட்டில் வேறில்லை.

செய்முறை

இரண்டு லிட்டர் கொள்ளும் வாயகன்ற கண்ணாடிச் சாடியைக் கொதிநீரில் கழுவி ஈரமின்றி உலர்த்திக்கொள்ள வேண்டும். அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பதாலும், மட்பாண்டப் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதாலும் கண்ணாடியே உத்தமம். அழுகலும் காம்பும் நீக்கிய கனி 500 கிராம், கற்கண்டு 200 கிராம், 40 சதவிகித வலிமையுள்ள மது ஒரு லிட்டர் என்னும் விகிதத்தை ஆரம்பத்தில் கைக்கொள்ளலாம். கனி முழுவதும் திரவத்தில் அமிழ்ந்திருப்பது அவசியம். மேலே மிதந்து காற்றில் நிற்கும் துண்டின்மீது பூஞ்சணம் குடியேறும். ரோசெல்லுக்கும் அன்னாசிக்கும் ஒரு வாரம் போதும். முசுக்கட்டைக்கும் கெமுந்திங்குக்கும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். எலுமிச்சைத் தோலை வெண்ணிறப் பகுதி ஒட்டாமல் மெல்லியதாகச் சீவி, சில நாள்களில் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் கசப்பேறும். பிறகு துணியில் வடிகட்டி, நாளும் பொருளும் எழுதி ஒட்டி, இருளில் வைத்தால், விதையிலிருந்தும் தோலிலிருந்தும் வந்த துவர்ப்புப் பொருள்கள் சில மாதங்களில் ஒன்றோடொன்று பிணைந்து தணிய, சுவை கனிகிறது. வடிகட்டிய பின் எஞ்சும் கனியிலும் மதுசாரம் நிறைந்திருப்பதால், அது குழந்தைகள் கைக்கு எட்டலாகாது.

பெயரறியாத காட்டுக்கனி எதையும் சாடியில் இடக்கூடாது. குன்றிமணிபோல் கண்ணைக் கவரும் நஞ்சுகள் இயற்கையில் பல. மதுசாரம் நுண்ணுயிரைக் கொல்லுமேயன்றித் தாவர நஞ்சை முறிக்காது.

அளவறிதல்

மலேசியாவில் உரிமமின்றி மது உற்பத்தி செய்வதை 1976ஆம் ஆண்டின் கலால் சட்டம் தடைசெய்கிறது. 21 வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்பது 2017 டிசம்பர் முதல் குற்றம். ஆகவே இம்முயற்சியில் இறங்க விரும்புவோர் முதலில் சுங்கத் துறையாரிடம் விதிகளைக் கேட்டறிந்து, வரி செலுத்திய, முத்திரை கலையாத குப்பியை மட்டுமே வாங்க வேண்டும். இதைச் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரணம் மெத்தில் ஆல்கஹால். நாவுக்கும் மூக்குக்கும் அது மதுசாரத்தினின்று வேறாகத் தெரிவதில்லை. உடலில் புகுந்ததும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையும் உயிரணுக்களின் சுவாசத்தையும் அழிக்கிறது. கனி ஊறல் இந்த நஞ்சைப் பெருக்குவதில்லை. ஆனால் கலப்பட மதுவில் இருந்த நஞ்சை அது நீக்குவதும் இல்லை.

மலாயாத் தமிழர் சரித்திரத்தை அறிந்தவர் மதுவைப் பற்றி இலேசாகப் பேச இயலாது. பால்மரக் காடுகளில் உழைத்த நம் முன்னோரின் கூலியில் ஒரு பங்கு தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிச் சென்றது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. அடுத்து வந்த ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். பிற்காலத்தில் சம்சு என்னும் மலிவு மது தோட்டப்புறக் குடும்பங்களைச் சீரழித்தபோது பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. மதுவின் எந்த அளவும் ஆரோக்கியத்துக்குத் தீங்கற்றது என்று சொல்ல முடியாது என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவை யாவற்றையும் அறிந்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். அன்று நம் மக்களை வீழ்த்தியவற்றுள் அறியாமையும் ஒன்று. குவளையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது குடிப்பவனுக்குத் தெரியாதிருந்தது. மேற்சொன்ன முசுக்கட்டை ஊறலில் 30 மில்லி லிட்டரை அளந்தெடுத்தால் அதில் ஏறத்தாழ 6 கிராம் தூய மதுசாரம் உண்டு என்று கணக்கிடத் தெரிந்தவன், இரண்டாம் குவளையில் அது 12 கிராம் ஆகும் என்பதையும் அறிவான். அந்த அறிவு ஒருவனை விலகச் செய்தாலும் நன்றே. அளவில் நிறுத்தினாலும் நன்றே.

சமயத்தாலோ கொள்கையாலோ உடல்நிலையாலோ மதுவைத் தொடாதவர் ஜொகூரில் மிகப் பலர். அவர்களுக்கும் இந்த விஞ்ஞானம் முழுமையாக உரியது. நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை உள்ள பாகில் நுண்ணுயிர் வாழத் தேவையான நீர் எஞ்சுவதில்லை. நம் சித்த மருத்துவர்கள் செய்யும் மணப்பாகின் தத்துவமும், மலாய்க் குடும்பங்கள் செய்யும் ரோசெல் பாகின் தத்துவமும் இதுவே. ஐந்து பங்கு அசெட்டிக் அமிலம் உள்ள காடி நீரில் அன்னாசியை ஊறவைத்து, வடிகட்டி, தேன் சேர்த்துக் குளிர்ந்த நீரில் கலந்தால் அருமையான பானம் கிடைக்கிறது. ஃபிக் வகுத்த விதி அங்கேயும் செல்லுபடியாகும்; வில்ஸ்டேட்டர் கண்ட வர்ணம் அங்கேயும் சிவந்து நிற்கும்; கனிநீர் கரைப்பானின் வலிமையைக் குறைக்கும் கணக்கும் அங்கே சற்றும் மாறாது. நம் தமிழ்ப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் ரோசெல் இதழ்களை வெந்நீரில் இட்டு, ஒரு குவளையில் எலுமிச்சைச் சாற்றையும் மற்றொன்றில் சமையல் சோடாவையும் சேர்த்துக் காட்டுவார்களானால், கொல்லையிலுள்ள செடியிலிருந்தே ரஸாயனத்தைத் தொடங்கலாம் என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள். அளப்பதும், கணக்கிடுவதும், கணக்கு சொல்லும் எல்லைக்குக் கட்டுப்படுவதுமே அவர்கள் அங்கே கற்கவேண்டிய முதற்பாடம்.